இரண்டு பாட்டுக்கு நடுவே

ராத்திரி பாம்பன் கரையில் ஹெட்போன் மாட்டி உட்கார்ந்தால் எனக்கு இங்கிலாந்து டிஜே ஜான் டிக்வீட் பாட்டோடு பாட்டைக் கலக்கும் மிக்ஸ்தான் வேண்டும். அடுத்த டிராக் எப்போது நுழைந்தது என்றே தெரியாது. உள்ளே வருகிற பாட்டின் பேஸை, அதாவது அடியில் அதிரும் கனத்த சத்தத்தை, ஈக்யூ என்கிற ஒலித் திருகில் இறக்கி வைத்து, ஒரு நிமிடம், சில சமயம் அதற்கும் மேல் இரண்டையும் சேர்த்தே ஓடவிட்டு, 32 பீட் (தாளத் தட்டு) முடிகிற இடத்தில் பழையதன் பேஸை எடுத்துப் புதியதை ஏற்றுவது இந்த வகை. இரண்டு பேஸும் சேர்ந்து நின்றால் சத்தம் கலங்கிவிடும்.

அமெரிக்க டெக்னோ டிஜே ஜெஃப் மில்ஸ் நேர் எதிர். ரெக்கார்டு சுழற்றும் டர்ன்டேபிள் மூன்று, கூடவே ரோலண்ட் 909 டிரம் மெஷின். ஒரு ரெக்கார்டில் வேண்டிய துண்டை மட்டும் எடுத்துக்கொண்டு அடுத்ததற்குப் போய்விடுவார். வெறும் வேகம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

போன மாதம் தொண்டியில் ஒரு கல்யாணத்தில் டிஜேவாக நின்று நீளமாகக் கலந்தேன், ஆட்டம் நின்றுவிட்டது. "சட்டுன்னு மாத்து மாப்ள!" என்று கூட்டத்திலிருந்து குரல். ஒரு பாட்டிலிருந்து அடுத்ததற்கு மாற்றும் ஃபேடரைத் தள்ளினேன், மணல் பறந்தது.