பின் சக்கரத்துக்கு 80

என் பிக்கப் வண்டி 2006ஆம் ஆண்டு செவர்லே சில்வராடோ 2500ஹெச்டி. சென்ற ஆண்டு அதன் பின்தொட்டியில் ஒரு கேம்பரை, அதாவது பயணத்தில் தங்கும் சின்ன வீட்டை, ஏற்றினேன். கூரையைத் தூக்கினால் உள்ளே நிமிர்ந்து நிற்கலாம். அடுப்பு, குளிர்பெட்டி, படுக்கை, 20 கேலன் தண்ணீர்த் தொட்டி எல்லாம் உண்டு. முதல் பயணமாக அரிசோனாவில் பீனிக்ஸிலிருந்து பிளாக்ஸ்டாஃபுக்கு மலையேறினோம். கேம்ப் வெர்டியைத் தாண்டியதும், தலையில் குடத்தோடு வரப்பில் நடப்பவரைப் போல, ஒவ்வொரு வளைவிலும் வண்டி மேல்பாதியை ஒருமுறை ஆட்டிவிட்டுத்தான் நேரானது.

"காற்றுப் பார்த்தீர்களா?" என்றாள் மனைவி. பார்த்திருந்தேன். பின் சக்கரங்களில் 60 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற காற்றழுத்த அளவு). வெற்று வண்டிக்குப் பல வருடமாக வைத்து வந்த அளவு அது. முதுகுக்கு இதமானது என்பதைத் தவிர அதற்கு வேறு நியாயம் கிடையாது.

நெடுஞ்சாலையோர லாரி நிறுத்தம் ஒன்றில் எடைமேடை இருந்தது. தண்ணீர் நிரப்பி, மகனையும் உட்காரவைத்து, அப்படியே ஏற்றினேன். முன் அச்சு 3,830 பவுண்டு, பின் அச்சு 5,140. கேம்பர் இல்லாமல் முன்பொரு முறை எடைபோட்டபோது பின் அச்சு 2,780தான். விற்பனைத் தாளில் கேம்பரின் எடை 1,450 என்றிருந்தது. அதை நம்பியது என் தவறு. அந்தக் கணக்கில் தண்ணீர் இல்லை, பேட்டரி இல்லை, எங்கள் வீட்டு இரும்புத் தோசைக்கல்லும் இல்லை.

டயரின் அளவு எல்டி245/75ஆர்16, சுமை தாங்கும் வகை லோடு ரேஞ்ச் இ. இந்த அளவுக்கான காற்று அட்டவணையில், ஒரு டயர் 60 பிஎஸ்ஐயில் 2,480 பவுண்டு தாங்கும், 65இல் 2,623, 70இல் 2,765, 80இல் 3,042. என் பின் அச்சு எடையை இரண்டால் வகுத்தால் 2,570. அதாவது, பிளாக்ஸ்டாஃப் வரை ஒவ்வொரு பின் டயரும் தன் தகுதிக்கு மேல் 90 பவுண்டு சுமந்து வந்திருக்கிறது.

அப்படியானால் 65 போதுமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் எடைமேடை அச்சுக்கு எடை சொல்லுமே தவிர, தனித்தனிச் சக்கரத்துக்குச் சொல்லாது. குளிர்பெட்டி, பேட்டரி, தண்ணீர்த் தொட்டி மூன்றும் ஓட்டுநர் பக்கம். இடது டயர் 2,700 வரை சுமக்கிறது என்றே வைத்துக்கொண்டேன். 70 ஆகிவிட்டது. அதற்குமேல் கொஞ்சம் சேர்த்து 75 வைத்து இரண்டு பயணம் போனோம். வின்ஸ்லோ பக்கம் பக்கவாட்டுக் காற்று அடித்தபோது பழைய ஆட்டம் பாதி திரும்பி வந்தது. டயர் எவ்வளவு தாங்கும் என்பது அட்டவணைக்குத் தெரியும். உயரமான சுமையின் கீழ் டயரின் பக்கச்சுவர் எப்படி நெளியும் என்பது தெரியாது.

80க்குப் போனேன். வண்டி செய்தவர்கள் ஓட்டுநர் கதவோரம் ஒட்டிய சீட்டில் பின் சக்கரத்துக்கு இருப்பதும் அதே 80. பின் அச்சின் உச்ச வரம்பு 6,084 என்று அதே சீட்டு சொல்கிறது. சரியாக இரண்டு 3,042. அந்த வரம்பே டயரிலிருந்து வந்தது என்பது அன்றுதான் உறைத்தது. இவ்வளவு கணக்குப் போட்டுச் சீட்டிடமே திரும்பி வந்தாயா என்று சிரிக்கலாம். வந்தேன், ஆனால் காரணம் தெரிந்து வந்தேன்.

இன்னொரு காரணம் மலை. பீனிக்ஸில் 85 டிகிரி ஃபாரன்ஹீட் காலையில், வண்டி ஓடாமல் ஆறியிருக்கும்போது வைத்த 80, பிளாக்ஸ்டாஃபில் மறுநாள் 35 டிகிரி விடியலில் 74 காட்டியது. குளிர் மட்டும் என்றால் இன்னும் இறங்கியிருக்கும்; 7,000 அடி உயரத்தில் வெளிக்காற்று மெலிந்திருப்பதால் அளவியில் மூன்று பிஎஸ்ஐ போலக் கூடித் தெரியும். 74 என் கணக்குக்குப் போதும் என்பதால் மேலே காற்று ஏற்றவில்லை.

வால்வைச் சொல்லாமல் விட்டால் பாவம். புது டயர் போட்ட கடையில், சாதாரணக் காருக்குப் போடும் ரப்பர் வால்வைச் செருகிவிட்டார்கள். அந்த வகைக்கு 65 பிஎஸ்ஐதான் வரம்பு. சோப்புத் தண்ணீர் தடவியபோது அடியில் குமிழி வந்தது. வேறு கடையில் உலோக வால்வு மாற்றினேன்.

நாமக்கல்லில் லாரி ஓட்டிய அப்பாவிடம் தொலைபேசியில் இதையெல்லாம் சொன்னேன். "எங்கள் வண்டிக்கு 110 வைப்போம், நீ 80க்கா இவ்வளவு கதை சொல்கிறாய்?" என்றார். பிறகு, "காலையில் கம்பியால் தட்டிப் பார்க்கிறாயா?" என்று கேட்டார். அளவியை நம்பினாலும் தட்டித்தான் பார்க்கிறேன்.

வீடு திரும்பிக் கேம்பரை இறக்கியதும் பின் சக்கரத்தை 60க்கு இறக்கிவிடுவேன். வெற்று வண்டி 80இல் துள்ளும், டயரின் நடுப்பகுதி மட்டும் தேயும். போன மாதம் மறந்துவிட்டேன். மளிகைக் கடையிலிருந்து வரும் வழியில் ஒரே ஒரு வேகத்தடை. ஒரு டஜன் முட்டையில் ஏழுதான் வீடு சேர்ந்தன.