லேபர் ரூமில் சி.டி.ஜி. பட்டி கட்டும்போது

சி.டி.ஜி. என்பது பிள்ளையின் இதயத்துடிப்பையும் தாயின் பிரசவக் குத்தையும் தாளில் கோடாக வரைகிற மெஷின். அதன் பட்டியைத் தொடுவதற்கு முதல் தாயின் மணிக்கட்டைப் பிடித்து நாடியை எண்ணி, எழுதிவிடுவோம். அதற்குப் பிறகுதான் வயிற்றைத் தடவி பிள்ளையின் முதுகு எந்தப் பக்கம் என்று தேடுவது. தலை கீழே என்றால், துடிப்பு தொப்புளுக்குக் கீழே முதுகுப் பக்கமாக நன்றாகக் கேட்கும். அந்த இடத்தில், துடிப்பைக் காதால் கேட்கிற பினாட் குழலை வைத்துக் கேட்டுவிட்டு சென்சரை வையுங்கோ. மெஷினுக்கு ஆளைத் தெரியாது, அசைகிற எந்த இரத்தக்குழாயையும் எண்ணிக் காட்டும்.

ஜெல் துடிப்பு சென்சருக்கு மட்டும். வன்னி வெயிலில் மின்விசிறிக் காற்றுக்கு அது சீக்கிரம் காயும். கோடு விட்டு விட்டு வந்தால் முதலில் ஜெல்லைப் பாருங்கோ. பிள்ளை இறங்க இறங்க சென்சரையும் கீழே நகர்த்தவேணும். குத்து அளக்கிற டோக்கோவை ஜெல் இல்லாமல் கர்ப்பப்பையின் உச்சிக்குச் சற்றுக் கீழே கட்டி, வயிறு இளகியிருக்கும்போது பூச்சியப் பொத்தானை அழுத்துவது. குத்து நேரம் அழுத்தினால் அடுத்த குத்துகள் தாளில் தெரியாமலே போகும். டோக்கோ வரைகிற மேட்டின் உயரம் குத்தின் பலத்தைச் சொல்லாது. அதற்குக் கைதான்.

"தங்கச்சி, இடப்பக்கம் சரிஞ்சு படுங்கோ." மல்லாந்து படுத்தால் கர்ப்பப்பை பெரிய இரத்தக்குழாய்களை நெரிக்கும், பிள்ளைக்குப் போகும் இரத்தம் குறையும்.

பிள்ளையின் அடிப்படைத் துடிப்பு சாதாரணமாக நிமிடத்துக்கு 110 முதல் 160, ஏற்ற இறக்கம் 5 முதல் 25. தாள் வேகம் நிமிடத்துக்கு 1 செ.மீ. தானா என்றும் பார்க்கவேணும்; 3 செ.மீ.யில் ஓடினால் நல்ல கோடும் தட்டையாகத் தெரியும்.

மிக ஆபத்தான கோடு அழகான கோடுதான். முக்குகிற நேரத்தில் பிள்ளையின் துடிப்பு பெரும்பாலும் இறங்கும். ஒவ்வொரு குத்தோடும் அழகாக ஏறினால் அது தாயின் நாடியாக இருக்கலாம். தாயின் விரலில் ஒட்சிசன் மானியை மாட்டி, அது காட்டும் நாடியையும் மெஷினின் எண்ணையும் ஒப்பிடுங்கோ. தாயின் 80 ஐ மெஷின் 160 என்று இரட்டித்துக் காட்டுவதும் உண்டு.

10 நிமிடத்தில் 5 குத்துக்கு மேல் வந்து துடிப்பும் இறங்கினால் குத்தைக் கூட்டுகிற மருந்தான ஒக்சிரோசினை நிறுத்தி டொக்டரைக் கூப்பிடவேணும். ஒப்பரேசன் தியேட்டர் இல்லாத இடத்தில், பெரிய ஆஸ்பத்திரிக்கு ஏ9 வீதியில் ஓடுகிற நேரத்தையும் கணக்கில் எடுத்து முந்தியே முடிவெடுக்கவேணும்.

தாளில் பெயர், திகதி, நேரம், தாயின் நாடி எழுதி, போட்டோக்கொப்பி ஒன்றையும் தாயின் குறிப்புகள் எழுதுகிற கட்டிலட்டையோடு வையுங்கோ. வெப்பத்தாள் சூட்டில் வெளிறிவிடும்.