ஒரே சட்டியில் க்ரோ புவா: நான்கு சனிக்கிழமைகளின் கணக்கு

என் மனைவி போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். "சமைக்க ஆசை என்றால் தாராளமாகச் சமையுங்கள். ஒரு சட்டிக்கு மேல் அழுக்கானால் கழுவுவது நீங்கள்." போன மார்கழியில் நான் கத்திரிக்காய் வறுவலும் ரசமும் செய்த நாளில் தொட்டியில் 11 பாத்திரங்கள் கிடந்தனவாம். எண்ணி வைத்திருக்கிறாள்.

மொரீஷியசில் எங்கள் வீட்டில் புரட்டாசி முழுவதும் மீனும் இறைச்சியும் கிடையாது. சனிக்கிழமை மதியம் வாழையிலையில் ஏழு கறி. காலை ஐந்து மணியிலிருந்து பூசணி, பலாக்காய், வாழைக்காய் என்று மல்லுக்கட்டிய பிறகு இரவில் அம்மாவும் சரி, மனைவியும் சரி, அடுப்படிப் பக்கமே திரும்ப மாட்டார்கள். ஆகவே அந்த இரவுச் சாப்பாட்டை நான் ஏற்றுக்கொண்டேன். ஒரு சட்டி, சைவம், கடையில் வாங்கிய நீள ரொட்டியைப் பிய்த்துத் தொட்டால் ஒட்டிக்கொண்டு வரும்படியான குழைவு. இவ்வளவுதான் இலக்கு. வீட்டில் பேச்செல்லாம் பிரெஞ்சு வழிவந்த கிரியோல் மொழியில்தான். பள்ளியிலும் பிறகு மோக்கா என்ற ஊரிலும் படித்த தமிழ் துருப்பிடிக்காமல் இருக்க இந்தக் குறிப்பைத் தமிழில் எழுதுகிறேன்.

எடுத்துக்கொண்டது க்ரோ புவா. 'பெரிய பயறு' என்று பொருள். தட்டையாக, வெள்ளையாக, கட்டைவிரல் நகத்தளவில் இருக்கும். தமிழ்நாட்டில் டபுள் பீன்ஸ் என்று விற்பதும் இதே இனந்தான். தாவரவியலில் பேசியோலஸ் லூனாட்டஸ், அதாவது பிறை வடிவ அவரை. பக்கத்துத் தீவான ரியூனியனில் இதையே புவா தியு காப் என்பார்கள். மடகாஸ்கரின் தென்மேற்கில், துலியார் பக்கத்து வறண்ட நிலத்தில் இது நன்றாக விளைகிறது. அங்கிருந்து கப்பலேறி எங்கள் இரு தீவுகளுக்கும் வருகிறது.

முதல் சனிக்கிழமை. காலையில் 250 கிராம் பயற்றை ஊறப்போட்டேன். மாலை ஆறு மணிக்கு அம்மாவின் கனமான காரையை, அதாவது வாணலியை, அடுப்பில் ஏற்றினேன். எண்ணெய், கடுகு, வெங்காயம், பூண்டு, ஒரு கொத்துக் கறிவேப்பிலை, தைம் என்ற வாசனை இலை இரண்டு குச்சி. வெங்காயம் வதங்கியதும் நாலு தக்காளியை நறுக்கிப் போட்டு, அது கரைந்ததும் பயற்றையும் தண்ணீரையும் சேர்த்து மூடினேன். ஒரே சட்டி என்றால் எல்லாவற்றையும் ஒன்றாகப் போடுவதுதானே?

ஏழரைக்குத் திறந்து பார்த்தேன். கல். எட்டரைக்குப் பார்த்தேன். ஓரம் மட்டும் சுருங்கிய கல். வீடெல்லாம் மணக்கிறது, பயறு பல்லுக்கு அகப்படவில்லை. ஒன்பது மணிக்கு நாங்கள் மூவரும் ரொட்டியும் கொத்தமல்லிச் சட்னியும் தின்றுவிட்டுப் படுத்தோம். கழுவ ஒரே சட்டிதான் இருந்தது என்பதில் மட்டும் நிபந்தனை நிறைவேறியது.

தவறு இரண்டு. தக்காளியின் புளிப்பு பயற்றின் செல்களை ஒட்டிவைத்திருக்கும் பெக்டினைக் கரைய விடாது. அது கரையாமல் பயறு குழையாது. புளி, தக்காளி, எலுமிச்சை எதுவானாலும் பயறு வெந்த பிறகுதான். அம்மாவிடம் சொன்னபோது, "சாம்பாரில் புளியை எப்போது விடுகிறோம்?" என்று கேட்டுவிட்டு முருங்கைக்கீரை ஆய்வதைத் தொடர்ந்தார். ஐம்பது வருடமாகக் கண்ணெதிரே நடந்த ஒன்றை நான் பாடமாகப் படித்துத் தெரிந்துகொண்டேன். இரண்டாவது தவறு, பயறு பழையது. அலமாரியின் கடைசி மூலையில் எந்த வருடத்தில் வாங்கி வைத்த பொட்டலமோ தெரியாது. வெக்கையும் ஈரமும் உள்ள இடத்தில் நெடுநாள் கிடந்த பயறு எவ்வளவு கொதித்தாலும் முழுதாக மசியாது. எங்கள் தீவில் வெக்கைக்கும் ஈரத்துக்கும் பஞ்சமே இல்லை.

இரண்டாவது சனிக்கிழமை பழிவாங்கும் வேகத்தில் டப்பாப் பயறு வாங்கிவந்தேன். 400 கிராம் டப்பா இரண்டு. ஏற்கெனவே வெந்தது, இனி என்னை என்ன செய்யும்? டப்பாத் தண்ணீரைக் கொட்டி, பயற்றை நன்றாக அலசினேன் (இந்த இடத்தை நினைவில் வையுங்கள்). வெங்காயம், இஞ்சி, பூண்டு, மசாலா, தக்காளி வதக்கி, பயறு போட்டு, கையால் பிழிந்த முதல் தேங்காய்ப்பாலை ஊற்றினேன். தேங்காய்ப்பால் பிழிந்ததில் துருவி ஒன்று, வடிகட்டி ஒன்று, கிண்ணம் இரண்டு. நிபந்தனை முறிந்தது, நான் பேசாமல் கழுவினேன்.

பிறகு தொலைபேசி வந்தது. பேசிவிட்டுத் திரும்பினால் சட்டி தளதளவென்று கொதிக்கிறது. மேலே எண்ணெய் தனியாக மிதக்க, கீழே வெள்ளைத் துகள்கள் தயிர் திரிந்தாற்போல். தேங்காய்ப்பாலில் கொழுப்புத் துளிகளைத் தண்ணீரில் பிடித்துவைத்திருப்பது அதிலுள்ள புரதம். கடும் கொதியிலும் தக்காளிப் புளிப்பிலும் அந்தப் புரதம் திரண்டுவிட, கொழுப்பு தன்வழியே போய்விடும். சுவை கெட்டுப்போகவில்லை, ஆனால் நான் தேடிய குழைவு அதில் இல்லை. பயறு தனி, மணல் போன்ற பால் தனி, எண்ணெய் தனி என்று ஒரே சட்டிக்குள் மூன்று குடித்தனம்.

எரிச்சலில் கரண்டியால் கொஞ்சம் பயற்றைச் சட்டியின் ஓரத்தில் வைத்து நசுக்கிக் கலக்கினேன். கலக்கக் கலக்க எண்ணெய் உள்ளே போனது. முழுதாக இல்லை, முக்கால்வாசி. அப்போது அதை ஒரு தப்பித்தல் என்று மட்டுமே எடுத்துக்கொண்டேன்.

மூன்றாவது சனிக்கிழமை உறவில் ஒரு கல்யாணம், சமைக்கவில்லை. பதிலாக நடுவாரத்தில் ஒரு நாள் பசும்பால் க்ரீமும் ஒரு கரண்டிச் சோளமாவும் போட்டுச் செய்துபார்த்தேன். குழைவு வந்தது, பார்க்க அழகாகவே இருந்தது. அம்மா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "யாருக்குக் காய்ச்சல்?" என்றார். மசாலா, கறிவேப்பிலை, தைம் அத்தனையும் க்ரீமுக்குள் போர்த்திப் படுத்துவிட்டன. அதைப் பற்றி மேலும் எழுத விருப்பமில்லை.

திருப்பம் என் சமையலறையில் வரவில்லை, ரோஸ் ஹில் ஊரில் வந்தது. வேலை முடிந்து பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது பசியில் ஒரு தால்பூரி வண்டிக்கு முன் வரிசையில் நின்றேன். இங்கே தால்பூரியை ஜோடியாகத்தான் கொடுப்பார்கள். இரண்டு மெல்லிய பூரியை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, ஒரு கரண்டி க்ரோ புவா கறி, ஒரு கரண்டி ருகாய் என்னும் தக்காளித் தொக்கு, மிளகாய்ச் சட்னி, சுருட்டிக் காகிதத்தில் வைத்துக் கையில் தருவார்கள். ஆயிரம் முறை தின்றிருப்பேன். அன்றுதான் அந்தக் கறியை உற்றுப் பார்த்தேன். பூரியிலிருந்து ஒரு சொட்டு ஒழுகவில்லை. வழவழவென்று கெட்டியாக, பாதிப் பயறு முழுதாக, பாதி கரைந்து. "அண்ணே, இதில் தேங்காய்ப்பால் விடுவீர்களா?" என்று கேட்டேன். வண்டிக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பால் விட்டால் மத்தியானத்துக்குள் புளித்துவிடாதா என்றார். க்ரீம்? சிரித்தார். பின்னால் நின்றவர் இருமினார், நான் நகர்ந்தேன்.

ஆக, குழைவு பயற்றுக்குள்ளேயே இருக்கிறது. பயற்றின் மாவுச்சத்து வெந்நீரில் உப்பிக் கரைந்து குழம்பைக் கெட்டியாக்குகிறது. எண்ணெயைத் துளித்துளியாகப் பிரித்து நிறுத்துவதும் அதுவே. இரண்டாம் வாரம் நசுக்கிய பயறு திரிந்த பாலைச் சேர்த்துவைத்தது இதனால்தான். அன்று நான் டப்பாத் தண்ணீரைக் கொட்டி அலசியபோது எதைச் சாக்கடையில் விட்டேன் என்பதும் அப்போது உறைத்தது. பாலும் க்ரீமும் பிறகு வாசனைக்காக வரலாம், வராமலும் இருக்கலாம்.

நான்காவது சனிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை இரவே வேலை தொடங்கியது. ஆள் போக்குவரத்து உள்ள கடையில் வாங்கிய புதுப் பயறு 250 கிராம், ஒரு லிட்டர் தண்ணீர், ஒரு மேசைக்கரண்டி உப்பு. உப்புப் போட்டால் பயறு வேகாது என்று சொல்லிக் கேட்டிருப்பீர்கள். ஊறும் தண்ணீரில் போட்டால் நேர்மாறு. தோலைக் கெட்டியாகப் பிடித்திருக்கும் கால்சியம், மெக்னீசியத்தின் இடத்தில் சோடியம் போய் உட்கார, தோல் இளகுகிறது. வெடிக்காமலும் வேகிறது.

காலையில் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டேன். மாலையில் புதுத் தண்ணீரில், மூடியில்லாமல், பத்து நிமிடம் நன்றாகக் கொதிக்கவிட்டு அதையும் கொட்டினேன். இது அம்மாவின் கட்டளை: "முதல் கொதிக்கு மூடி போடாதே, ஆவி போகட்டும்." காரணம் கேட்டால் அவருடைய ஆயா சொன்னது என்பார். காரணம் உண்டு. இந்த இனத்தில் லினமாரின் என்றொரு பொருள் இருக்கிறது. அது சிதைந்தால் ஹைட்ரஜன் சயனைடு வரும். கடையில் விற்கும் வெள்ளைப் பயற்றில் அது குறைவு. நிறமுள்ள காட்டுவகைகளில் அதிகம். ஊறிய நீரைக் கொட்டி, திறந்து கொதிக்கவிட்டால் அது ஆவியோடு போய்விடுகிறது. நம் ஆயாக்கள் வேதியியல் படிக்கவில்லை, மூடியைத் திறந்துவைக்கத் தெரிந்திருந்தார்கள்.

வடித்த பயறு ஊறிய கிண்ணத்திலேயே காத்திருந்தது. அதே காரையைத் துடைத்து எண்ணெய் விட்டேன். கடுகு, ஒரு பெரிய வெங்காயம், நசுக்கிய பூண்டு ஆறு பல், இஞ்சி, பச்சை மிளகாய் இரண்டு, கறிவேப்பிலை, தைம். இரண்டு கரண்டி மசாலாப் பொடியைக் கொஞ்சம் தண்ணீரில் குழைத்து, எண்ணெய் பிரியும் வரை வதக்கினேன். இந்த ஒரு படியில் அவசரப்பட்டால் பச்சை மஞ்சள் வாடை கடைசிவரை போகாது. பிறகு பயறு, அது மூழ்கி மேலே இரண்டு விரல் நிற்கும் அளவு வெந்நீர், பாதி மூடி, சிறு தீ. தக்காளியைத் தொடவில்லை.

ஐம்பத்தைந்து நிமிடத்தில் ஒரு பயற்றை எடுத்து நாக்கால் மேலண்ணத்தில் அழுத்தினேன். கரைந்தது. அப்போதுதான் உப்பையும் தக்காளியையும் போட்டு இன்னும் பத்து நிமிடம். அதன்பின் அம்மா நாற்காலியை விட்டு எழுந்துவந்து கரண்டியை என் கையிலிருந்து வாங்கி, மூன்றில் ஒரு பங்குப் பயற்றைச் சட்டியின் பக்கச்சுவரில் வைத்து அழுத்தினார். மத்தால் கடைந்தால் களியாகிவிடுமாம். தோல் கொஞ்சம் நாக்கில் தட்ட வேண்டுமாம். இரண்டு நிமிடத்தில் குழம்பின் நிறமே மாறியது. மேலே மிதந்த எண்ணெய் காணாமல் போய், கரண்டியின் முதுகில் விரலால் கோடு இழுத்தால் கோடு நின்றது.

"இத்தனை வருடமாக இப்படித்தான் செய்கிறீர்களா, அம்மா?"

"நீ தின்னத்தான் வருவாய். பார்க்க வந்தாயா?"

அடுப்பை அணைத்து, இரண்டு பிடி முருங்கைக்கீரையைப் போட்டுச் சூட்டிலேயே வாடவிட்டேன். டப்பாத் தேங்காய்ப்பால் அரைக் கோப்பை, அதுவும் அடுப்பு அணைந்த பிறகு. திரியவில்லை. எலுமிச்சைச் சாறு சில துளி, கொத்தமல்லி. கிரியோல் மட்டுமே தெரிந்த என் மருமகப்பிள்ளைகளும் கொத்தமல்லியைக் 'கோத்தோமிலி' என்றும், கறிவேப்பிலையைக் 'காரிப்பூலே' என்றும், பீர்க்கங்காயைப் 'பிப்பங்காய்' என்றும்தான் சொல்கிறார்கள். சந்தையில் தாங்கள் தமிழ் பேசுவது அவர்களுக்குத் தெரியாது. நான் சொல்லிக் கெடுக்கவும் இல்லை.

நாலு பேருக்குச் சரியாக இருந்தது. ரொட்டியால் சட்டியைத் துடைத்தெடுத்தோம், என் பங்குக்கு நானும். அம்மா இன்னும் கொஞ்சம் மிளகாய் இருந்திருக்கலாம் என்றார். அவர் எதற்கும் சொல்வது அது. தேங்காய்ப்பாலை அடுத்த முறை விட்டுவிடப் போகிறேன். அது இல்லாமலே பதம் வந்துவிட்டது என்பதை ஊற்றுவதற்கு முன்பே கண்ணால் பார்த்தேன், பழக்கத்துக்காக ஊற்றினேன்.

துடைப்பதற்கு முன் ஒரு கரண்டி மட்டும் எடுத்துக் குளிர்பெட்டியில் வைத்திருந்தோம். ஞாயிறு காலை அது வெண்ணெய்க்கட்டி போல் இறுகியிருந்தது. கொஞ்சம் வெந்நீர் விட்டுக் கிளறியதும் பழையபடி இளகி, ரொட்டிக்குள் தடவ வாகாக இருந்தது.

மனைவி தொட்டியை எட்டிப் பார்த்தாள். சட்டியைக் கழுவிக் கவிழ்த்தாள். பயறு ஊறிய கிண்ணத்தை எடுத்து, ஒரு வார்த்தையும் பேசாமல், என் காபிக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.