மேல்வரப்பு: பிசான நாட்குறிப்பு

நவம்பர் 6

நடவு முடிந்தது. முழுக்க ஆனைக்கொம்பன் நெல். இயற்கை விவசாயம் என்று அங்ககச் சான்றுக்குப் பதிவு செய்து ரெண்டு வருஷம் கழிந்த பிறகு விதைத்த முதல் நெல் இதுதான். இதுவரை அறுத்ததெல்லாம் காகிதத்தில் 'மாறுதல் கால' நெல். இந்தப் பிசானப் போகத்துக்குத்தான் அங்கக நெல் என்று பேர் கிடைக்கணும்.

நவம்பர் 8

மழை விடவில்லை. அப்பாவுக்கு இருமல்.

நவம்பர் 10

மேல்வரப்பு நினைப்பிலேயே தூக்கம் போச்சு. கன்னடியன் கால்வாய்த் தண்ணீர் எங்களுக்கு நேராக வருவதில்லை, மேவயல் மாமா வயலில் நிறைந்து அப்புறம்தான் கீழே இறங்கும், அவர் யூரியா போட்ட மறுநாள் மடை திறந்தால் அதுவும் சேர்ந்தே வரும். அதற்காகத்தான் ஓரமாகத் தனி வாய்க்கால் வெட்டினோம். வரப்பை அகலப்படுத்தி அகத்தி நட்டோம். வரப்பை ஒட்டின நெல்லைத் தனியாக அறுத்துத் தனி மூட்டையில் கட்டிச் சாதா நெல்லாகவே விற்போம் என்று சான்று கொடுப்பவர்களிடம் எழுதியும் கொடுத்திருக்கிறோம். எல்லாம் சரி. அடைமழையில் வரப்பு மூழ்கினால்?

நவம்பர் 17

வீட்டிலிருந்த பழைய யூரியா சாக்கையெல்லாம் எடுத்து வெளியே எறிந்தேன். தொழுவத்து வாசலில் கால் துடைக்க ஒன்று, புல் கட்ட ஒன்று, தேங்காய் போட்டு வைக்க ஒன்று என்று கிடந்தவை. அம்மாவுக்குக் கோபம், "சாக்குல என்னட்டி இருக்கு?" என்கிறாள். நெல் கட்டப் புதுச் சாக்குதான், அதற்கும் பில் வேணும்.

நவம்பர் 24

இன்றைக்கும் ஒருத்தர் கேட்டார், நல்லபடியா விளைய வைக்கிறீங்க, அதுக்கு எதுக்கு இத்தனை காகிதம் என்று. சேரன்மகாதேவியில் எங்களைத் தெரிந்தவர்களுக்குக் காகிதம் வேண்டாம்தான். முகம் தெரியாமல் எங்கோ உட்கார்ந்து பிள்ளைக்குச் சோறு ஊட்டப்போகிறவளுக்கு நான் வேறு எதைக் காட்டுவேன்? அரிசியைச் சோதித்துப் பார்த்து மட்டும் கொடுக்கிற சான்று இல்லை இது. எந்தத் தேதியில் எந்த வயலில் என்ன போட்டோம், தழை உரத்துக்கு விதைத்த தக்கைப்பூண்டை எப்போது மடக்கி உழுதோம், வேப்பம் புண்ணாக்கு எங்கே வாங்கினோம், எல்லாம் நோட்டில் இருக்கணும். வருஷா வருஷம் வந்து பார்ப்பார்கள். சொல்லாமலும் வரலாம்.

பிஜிஎஸ் என்று இன்னொரு வழியும் இருக்கிறது, குறைந்தது 5 விவசாயிகள் சேர்ந்து ஒருத்தர் வயலை ஒருத்தர் பார்த்து உறுதி சொல்வது. மேவயல் மாமாவும் அப்படிச் சேர்ந்தால் இந்த வரப்புக் கவலையே தீர்ந்துவிடும். போன வருஷம் கேட்டதற்குச் சிரித்தார்.

டிசம்பர் 5

இலைசுருட்டுப் புழு. நெல் இலை நீளவாட்டில் மடிந்து வெள்ளை வெள்ளையாய்க் கிடக்கிறது, பிரித்தால் உள்ளே பச்சையாக ஒரு புழு, தொட்டால் துள்ளுகிறது. 5 கிலோ வேப்பங்கொட்டையை இடித்து ராத்திரி ஊறப் போட்டோம், வடிகட்டி 100 லிட்டர் ஆக்கி அடிக்கணும். தெளிப்பான் எங்களுடையது மட்டும்தான், இரவல் வாங்குவதே இல்லை.

டிசம்பர் 6

காலையில் நாங்கள் அடித்துக்கொண்டிருக்கும்போதே மேலே மாமாவின் ஆள் மருந்து அடிக்க ஆரம்பித்தான். காற்று அங்கிருந்து எங்கள் பக்கம். அந்த வாசம் மூக்கில் ஏறினதும் எனக்குக் கை நடுங்கியது, ஓடிப்போய் நிறுத்தச் சொன்னேன். மாமா வந்தார். "காத்து நின்னப்புறம் அடிக்கச் சொல்லுதேன், போ தாயி" என்றார். நல்ல மனுஷன்தான். அவர் பயிரையும் புழு தின்கிறது. நடந்ததை அப்படியே நோட்டில் எழுதினேன், தேதி, நேரம், காற்று எந்தப் பக்கம் என்று. அப்பா எழுத வேண்டாம் என்றார். எழுதாமல் விட்டால் அந்த நோட்டுக்கு என்ன மதிப்பு?

டிசம்பர் 7

அப்பா பேசவில்லை.

ஜனவரி 4

சான்றுக்கான ஆய்வாளர் வந்துவிட்டுப் போனார். சிட்டா, அடங்கல், வரைபடம், பில் எல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்தார். அம்மாவைத் தனியாகக் கேட்டார், எலிக்கு என்ன வைப்பீங்க என்று. "கிட்டிப் பொறிதான்" என்று சொல்லி அம்மா அதையே எடுத்துவந்து காட்டினாள். சாக்குகள் இருந்த இடத்தையும் பார்த்தார். எத்தனை மூட்டை காணும் என்று மதிப்புப் போட்டு எழுதிக்கொண்டார், பின்னால் விற்கிற கணக்கு இதற்குள் நிற்கணும், விற்கும்போது ஒவ்வொரு லோடுக்கும் பரிவர்த்தனைச் சான்று என்று விற்பனைக்கான சான்று தனியாக வாங்கணும்.

டிசம்பர் 6 பக்கத்தில் நின்று ரெண்டு தரம் படித்தார். ஒன்றும் சொல்லவில்லை. நேரே மேல்வரப்புக்குப் போய், நாங்கள் ஒதுக்கியதற்கு உட்பக்கமாக நெல் தாளும் மண்ணும் எடுத்து, பையில் போட்டு முத்திரை வைத்தார். பார்ப்பதுதான் அவர் வேலை, முடிவு எடுப்பவர்கள் வேறு.

ஜனவரி 12

முடிவு சொல்லிப் போன் வரவில்லை.

ஜனவரி 19

மாமா புகையான் பூச்சிக்கு மருந்து அடிக்கப்போகிறாராம், முந்தின நாளே சொல்லி அனுப்பினார். எங்கள் மடையை அடைத்தாச்சு.

ஜனவரி 27

கதிர் பால் பிடித்துவிட்டது. பரிசோதனை முடிவு வரவில்லை. அறுப்பு மிஷின்காரரிடம் இப்போதே சொல்லி வைக்கணும், வயலில் இறங்குவதற்கு முன்னால் உள்ளே கிடக்கிற பழைய நெல்லை ஒன்று விடாமல் தட்டித் துடைத்துக்கொண்டு வரச் சொல்லி.