ஒரு ஜிகாபிட் வந்த பிறகு

வெளியிலிருந்து வரும் இணைய லைனின் வேகத்தைச் செக்கனுக்கு ஒரு ஜிகாபிட்டுக்கு உயர்த்திவிட்டால் வேலை முடிந்தது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். திருகோணமலையில் உயர்கல்வி நிறுவனம் ஒன்றின் வலையமைப்பைக் கவனிக்கும் எனக்கு உண்மையான வேலை அதற்குப் பிறகுதான் தொடங்கியது.

லைன் மாறிய கையோடு விரிவுரையாளர் ஒருவர் கூப்பிட்டார். "தம்பி, புது லைன் எண்டு சொல்றீங்கள், என்ட டவுன்லோட் அப்படியேதான் இழுபடுது." வங்காள விரிகுடாவின் கடல் வெப்பநிலை பற்றிய செய்மதித் தரவுகளை அவர் வெளிநாட்டுச் சேர்வர் ஒன்றிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தார். ஸ்பீட் டெஸ்ட் போட்டால் நல்ல எண் வந்தது. அந்தச் சோதனை பேசியது கொழும்பில் இருந்த சேர்வரோடு, அவர் பேசியது கடல் கடந்த சேர்வரோடு. வித்தியாசம் அங்கேதான் இருந்தது.

இணையத்தில் தரவு தவறாமல் போய்ச் சேரப் பார்த்துக்கொள்ளும் விதிமுறைதான் டிசிபி. அதில் அனுப்புகிற பக்கம் ஓரளவு தரவை அனுப்பிவிட்டு, "வந்து சேர்ந்தது" என்ற பதிலுக்காக நிற்கும். அந்த அளவுக்குப் பழைய உச்சம் 65,535 பைட். போய்த் திரும்ப 200 மில்லிசெக்கன் ஆகும் தூரத்தில், இந்த அளவை வைத்துக்கொண்டு செக்கனுக்கு 2.6 மெகாபிட்டுக்கு மேல் எடுக்க முடியாது. லைன் ஒரு ஜிகாபிட்டாக இருந்தாலும் சரி, நூறு ஜிகாபிட்டாக இருந்தாலும் சரி, கணக்கு அதேதான். அந்த உச்சத்தைப் பெரிதாக்கும் வழி 1992 இலேயே வந்துவிட்டது. இன்றைய கணினிகள் எல்லாம் அதைத் தாமாகவே பயன்படுத்துகின்றன. ஆனால் எங்கள் வலையமைப்பின் வாசலில் காவலுக்கு இருந்த பழைய பயர்வோல், உச்சத்தைப் பெரிதாக்கச் சொல்லி இணைப்புத் தொடங்கும்போது போகும் குறிப்பை அழித்துவிட்டு மிச்சத்தை மட்டும் வெளியே விட்டது. பயர்வோலின் இரண்டு பக்கமும் தரவுத் துண்டுகளை (பக்கெட்டுகளை) பிடித்து ஒப்பிட்டபோதுதான் இது தெரிந்தது. பெரிய தரவு எடுக்கும் ஆராய்ச்சிக் கணினிகளுக்குத் தனிப் பாதை போட்டு, அதற்கு வேறு பாதுகாப்பு விதிகள் எழுதினோம். அப்புறம் அந்த விரிவுரையாளர் தரவுக்காக இரவு முழுக்கக் கணினியை விட்டுவிட்டுப் போகவேண்டிய தேவை இருக்கவில்லை.

கட்டடங்களுக்கு இடையிலான கதை வேறு. திருகோணமலையில் உப்புக் காற்று கனெக்டர்களை அரிக்கும். மாரி தொடங்கும் நேரத்து இடிமின்னலில், கட்டடத்துக்குக் கட்டடம் செப்புக் கம்பி இழுத்திருந்தால் இரண்டு முனையிலும் போர்ட் கருகும். ஒளியால் தரவு அனுப்பும் கண்ணாடி இழையான பைபரில், உலோகக் கவசம் இல்லாவிட்டால், அந்தப் பயம் இல்லை. பைபர் என்றாலும் எல்லாம் ஒன்றல்ல. ஒளி பல வழிகளில் போகும் பழைய 62.5 மைக்ரோமீற்றர் மல்டிமோட் பைபரில், வழமையான குறுந்தூர மொடியூலை (ஒளி அனுப்பும் கருவியை) போட்டு 10 ஜிகாபிட் அனுப்பினால் 33 மீற்றர் வரைதான் உத்தரவாதம். ஒளி ஒரே வழியில் போகும் சிங்கிள் மோட் என்றால், நெடுந்தூர மொடியூலோடு 10 கிலோமீற்றர். செலவில் பெரும்பங்கு குழி வெட்டுவதற்குத்தான் போகிறது, கேபிளுக்கு அல்ல. ஆகவே ஒருமுறை குழி வெட்டினால் சிங்கிள் மோட்தான், தேவைக்கு மேல் கோர்களோடுதான் (இழைகளோடுதான்) என்று நான் பிடிவாதமாக நிற்பேன். கணக்குப் பகுதியில் இதற்காக வாதாடியிருக்கிறேன், இனியும் வாதாடுவேன்.

2022 மின்வெட்டுக் காலம் இன்னொரு விஷயத்தைக் காட்டியது. அந்த வருடம் மார்ச் 31 அன்று நாட்டில் 13 மணித்தியால மின்வெட்டு. சேர்வர் அறைக்கு யூபிஎஸ், ஜெனரேட்டர் எல்லாம் இருந்தன. ஆனால் ஒவ்வொரு கட்டடத்திலும் மாடிப்படிக்குக் கீழே இருந்த, வலையைப் பிரித்துக் கொடுக்கும் சுவிட்ச் பெட்டிகளுக்கு ஒன்றும் இல்லை. மையம் உயிரோடு இருந்தும் மாணவர்களுக்கு வலை இல்லை. விலை உயர்ந்த ரவுட்டர் வாங்க எல்லோரும் ஆர்வமாகக் கையெழுத்து வைக்கிறார்கள். பற்றரி மாற்றக் கேட்டால் அடுத்த வருடம் பார்ப்போம் என்கிறார்கள். இது எனக்கு இன்னும் மனவருத்தம்தான்.

எங்கள் பல்கலைக்கழகங்களை இணைக்கும் லேர்ன் வலையமைப்பு, 1990களின் தொடக்கத்தில் மொறட்டுவையில் டயல்-அப் மின்னஞ்சலாகத் தொடங்கியது. 2020 இல் கொவிட் வந்தபோது நாட்டின் பல்கலைக்கழக வகுப்புகள் அதன் ஊடாகத்தான் ஸூமுக்கு மாறின. அந்த வகுப்புகளுக்கும், பாடங்களைப் போட்டுவைக்கும் கற்றல் தளங்களான எல்எம்எஸ்களுக்கும் தொலைபேசி நிறுவனங்கள் டேட்டா கட்டணம் எடுக்கவில்லை. கிண்ணியாவிலும் மூதூரிலும் ஃபோனை மட்டும் வைத்துக்கொண்டு படித்த பிள்ளைகளுக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்பதை அவர்களோடு பேசியவர்களுக்குத் தெரியும்.

பல்கலைக்கழகங்களுக்குப் பொதுவான வைஃபை சேவையான எடுரோமையும் சொல்ல வேண்டும். எங்கள் மாணவி ஒருத்தி பேராதனைக்குப் போய் ஃபோனைத் திறந்தால் அங்கே வைஃபை தானாகவே இணையும். அவளுடைய கடவுச்சொல்லைச் சரிபார்ப்பது பேராதனை அல்ல, இங்கே இருக்கும் எங்கள் சேர்வர். திருகோணமலை லைன் அறுந்தால் இங்கே உட்கார்ந்திருப்பவர்கள் மட்டுமல்ல, கண்டி மலையில் நிற்கும் அவளும் இணைய முடியாது.

இதனால்தான் நான் இரண்டாவது பாதையைப் பற்றி ஓயாமல் பேசுகிறேன். நகரத்திலிருந்து கந்தளாய், ஹபரணைப் பக்கம் ஒரு வீதி போகிறது. ஹொறவப்பொத்தானை வழியாக அநுராதபுரத்துக்கு ஒன்று. மூதூர் வழியாக மட்டக்களப்புக்கு ஒன்று. இரண்டு நிறுவனங்களிடம் இரண்டு லைன் வாங்கி, இரண்டும் ஒரே வீதியோரம் போனால், வீதி அகலிக்க வரும் ஒரே மண்வெட்டும் இயந்திரம் இரண்டையும் அறுத்துவிடும். லைன் எந்தக் கம்பனியுடையது என்பதை விட எந்த வீதியால் வருகிறது என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்க வேண்டும்.

அடுத்த வருட வரவுசெலவு மதிப்பீட்டுக்குக் கொடுத்த கடிதத்தில், வேறு வீதியால் வரும் இரண்டாவது லைனை முதலாவதாகவும், சுவிட்ச் பெட்டிகளுக்கான பற்றரிகளை இரண்டாவதாகவும் போட்டிருக்கிறேன். 10 ஜிகாபிட் மூன்றாவதாக இருக்கிறது.