நான் சொன்ன ஆமாம்

"நானும் 18.2ன்னு எழுதியிருந்தா முழு மார்க் வந்திருக்கும், இல்லையா சார்?" என்று ஒரு மாணவி கேட்டாள். "ஆமாம்மா" என்றேன். அவ்வளவுதான் பேச்சு. ஒரு வருடம் ஆகப்போகிறது, இன்னும் மனசை விட்டுப் போகவில்லை.

கல்லூரி வேதியியல் செய்முறைத் தேர்வில் அன்று தண்ணீரின் கடினத்தன்மை, இ.டி.டி.ஏ. தரம்பார்த்தல்: நிறம் மாறும்வரை இ.டி.டி.ஏ. கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, எத்தனை மில்லி செலவானது என்று குறிக்க வேண்டும். ஒயின் சிவப்பு மறைந்து நீலம் வர வேண்டும். முடிவுப் புள்ளி நெருங்கும்போது நிறம் மெதுவாகத்தான் மாறும், அந்த இடத்தில் அவசரப்பட்டால் சில சொட்டுகள் கூடிவிடும். அவளுக்குக் கூடிவிட்டது. 18.6, 19.1, 18.8. மூன்றையும் அடித்தல் திருத்தல் இல்லாமல் அப்படியே எழுதியிருந்தாள். அந்த வரிசையில் மற்ற எல்லோருக்கும் 18.2, 18.2. விடை எப்படியோ வெளியே போயிருந்தது, எப்படிப் போகும் என்று நமக்கெல்லாம் தெரியும். இரண்டு சதவீதப் பிழைக்குள் இருந்தால் முழு மதிப்பெண் என்பது விதி. வெளிக் கல்லூரியிலிருந்து வந்த தேர்வாளர், எக்ஸ்டர்னல், பக்கத்தில் இருந்தார். அவளுக்கு 25க்கு 15 போட்டேன்.

விதியை மீறி அவளுக்கு மட்டும் கூட்டிப் போட முடியாது, மற்றவர்கள் பார்த்து எழுதினார்கள் என்று நிரூபிக்கவும் முடியாது. இதைப் பல தடவை எனக்கு நானே சொல்லிக்கொண்டாயிற்று. ஆனால் இதே மாதிரி எண்கள் ஒரு மருந்து ஆய்வகத்தில் வந்தால் சந்தேகம் எல்லோருக்கும் ஒரே மாதிரி வந்த 18.2 மேல்தான் விழும், 19.1 மேல் விழாது. அது எனக்கு நன்றாகவே தெரியும், ஏனென்றால் நான் அங்கிருந்து வந்தவன்.

ஆராய்ச்சியில் சேர்ந்த இரண்டாம் வருடம், 2010ல், பல்லேடியம் என்ற உலோகத்தை வினையூக்கியாக வைத்துச் செய்யும் வினைகளுக்கு நோபல் பரிசு அறிவித்தார்கள். எங்கள் லேபிலும் பல்லேடியம்தான், வாழ்க்கை இதிலேயே ஓடிவிடும் என்று நம்பினேன். அப்புறம் கொரியாவில் இரண்டு வருடம், திரும்பி வந்தால் எங்கும் இடம் காலியில்லை, ஹைதராபாத் பக்கம் ஒரு மருந்துக் கம்பெனியில் தரக்கட்டுப்பாடு. அங்கே ஒரு பேட்ச் மருந்து, அதில் என்ன எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் எச்.பி.எல்.சி. சோதனையில் இரண்டு தடவை தவறியது. மேலதிகாரி மறுபடி போடச் சொன்னார். மூன்றாவது தேறியது. முதல் இரண்டும் 'டிரையல்' என்ற ஃபோல்டருக்குப் போயின. கையெழுத்துப் போட்டது நான்.

அது பிடிக்காமல்தான் வேலையை விட்டேன் என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். பொய் இல்லை. ஆனால் அதற்கப்புறமும் எட்டு மாதம் அங்கேதான் இருந்தேன், அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனது, ஊருக்குப் பக்கத்தில் கெஸ்ட் லெக்சரர் இடம் வந்தது, அப்போதுதான் கிளம்பினேன். ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் 50,000 வரை தரலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2019ல் சொன்னது, என் கைக்கு வந்தது அதில் பாதிகூட இல்லை. சம்பளம் போனாலும் இங்கே யாரும் எதையும் ஒளிக்கச் சொல்ல மாட்டார்கள் என்று இருந்தது.

அன்று அவளிடம் "நீ எழுதியதுதான்மா சரி" என்று சேர்த்துச் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. 15 போட்ட கையோடு அதைச் சொல்வது எனக்கே கூசியது என்று இப்போது தோன்றுகிறது, அன்று அப்படி நினைத்தேனா என்று தெரியவில்லை.

இந்த வருடம் ஒவ்வொரு மாணவருக்கும் வேறு வேறு செறிவில் கரைசல் கொடுத்தேன். வேலை இரண்டு மடங்கு. அவள் எம்.எஸ்சி.க்கு விண்ணப்பிக்கிறாள், போன வாரம் பரிந்துரைக் கடிதம் கேட்டு வந்தாள். நேர்மையானவள் என்று முதல் வரியிலேயே எழுதிவிட்டேன். கடிதத்தோடு மதிப்பெண் பட்டியலையும் இணைக்க வேண்டுமாம்.