எரிந்த காயில் வாடை

1994-ல் கோவை கணபதியில் ஒரு மோட்டார் வைண்டிங் கடையில், அதாவது எரிந்த மோட்டாருக்குப் புதுக் கம்பிச் சுருள் கட்டும் கடையில் சேர்ந்தேன். முதல் ஆறு மாதம் எரிந்த காயிலை, அதாவது அந்தச் சுருளை, வெட்டி எடுப்பது மட்டும்தான் வேலை. அந்த வாடை சட்டையை விட்டுப் போகாது. ஆனால் கருகலைப் பார்த்தே காரணம் சொல்லப் பழகிவிட்டேன். மூன்று பேஸ் மின்சாரத்தில் ஓடும் ஸ்டார் கனெக்‌ஷன் மோட்டாரில் இரண்டு பேஸ் காயில் மட்டும் கருகியிருந்தால், லைனில் ஒரு பேஸ் வராமல் போயிருக்கிறது. எல்லாமே கருகியிருந்தால் லோடு அதிகம், இல்லை வோல்டேஜ் குறைவு.

அன்னூரிலிருந்து ஒரு பெரியவர் வருவார். "வாழை காயுதுங்க கண்ணு, நாளைக்குள்ள கட்டிக் குடுத்துருங்க" என்பார். சின்ன வயதில் அப்பாவோடு மாடு பூட்டிக் கவலை ஓட்டித் தண்ணீர் இறைத்தவர். அதே கிணற்றில் மோட்டார் வைத்தார், அப்புறம் கிணற்றுக்குள் பக்கவாட்டில் துளைத்துச் சைடு போர் போட்டார், கடைசியில் திருச்செங்கோட்டு ரிக் லாரி வந்து ஆழ்துளை போட்டது. தண்ணீர் கீழே போகப் போக எங்கள் கடைக்கு வரும் மோட்டாரும் மாறியது. மோட்டாரும் பம்பும் ஒன்றாக இருக்கும் மோனோபிளாக் குறைந்து, ஒல்லியான நீர்மூழ்கி மோட்டார்கள் வரிசையில் நின்றன.

எங்கள் முதலாளி வைண்டிங் கற்றது ஒரு பஞ்சாலையின் பராமரிப்புப் பிரிவில். கோவையின் தொழிலே அப்படித்தான் கிளைத்தது என்று நினைக்கிறேன். 1888-ல் ஸ்டேன்ஸ் மில் வந்தது. 1930-களில் நீலகிரியிலிருந்து பைக்காரா நீர்மின்சாரம் வந்ததும் மில்கள் பெருகின. மில் என்றால் உதிரிபாகம் வேண்டும், அதற்கு வார்ப்பு வேண்டும், லேத் வேண்டும். 1937-லேயே ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் இங்கே மின்மோட்டார் செய்துவிட்டார்கள். பின்னால் மில்கள் நொடித்தபோதும் பட்டறைகள் நிற்கவில்லை. பம்புக்கு மோட்டார் செய்த கை கிரைண்டருக்கும் செய்தது. 2011-ல் அரசு விலையில்லா மிக்சி, கிரைண்டர் கொடுக்கத் தொடங்கியபோது கிரைண்டர் பட்டறைகளில் இரவு ஷிப்டும் ஓடியது.

கொங்கு மக்களின் உழைப்பு என்று எல்லோரும் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் பக்கத்துத் தெருவைப் பற்றி யாரும் சொல்வதில்லை. ஷாப்ட் தேய்ந்தால் எதிர்க்கடையில் கடைந்து தருவார்கள், பம்புக்குள் தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லர் உடைந்தால் இரண்டு தெரு தள்ளி வார்த்துத் தருவார்கள். பணம் சனிக்கிழமை கொடுத்தால் போதும். இந்த நம்பிக்கை இல்லாமல் எங்களைப் போன்ற சின்னக் கடை ஒரு மாதம்கூடத் தாங்காது.

ஒன்று மட்டும் மனதை அறுக்கும். நாங்கள் கட்டிக் கொடுத்த மோட்டார்கள்தானே அந்தக் கிணறுகளை வற்றடித்தன?

2024 ஆகஸ்டில் அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் தொடங்கியது. காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே பவானியின் உபரி நீரை ஆறு நீரேற்று நிலையங்கள் வழியாக ஏற்றி, 1,045 குளம் குட்டைகளுக்குக் கொண்டுபோகிறார்கள். இங்கேயும் பம்புதான், ஆனால் நிரப்புகிற பம்பு.

போன மாதம் அந்தப் பெரியவரின் மகன் வந்தார். வண்டியில் துருப்பிடித்த பழைய மோனோபிளாக். "குட்டையில தண்ணி நிக்குதுங்கண்ணா. பழைய கிணத்துல ஊத்து தெரியுது. இது தேறுமான்னு பாருங்க" என்றார். கழற்றிப் பார்த்தேன். உள்ளே இருந்தது இருபது வருடத்துக்கு முன் நானே கட்டிய காயில். வார்னிஷ் மட்டும்தான் காய்ந்து உதிர்ந்திருந்தது.